ஒரு நாள் தள்ளி

வசந்தகுமாரி அன்று ஏன் கையைத் தூக்கினாள் என்பதற்குப் பிற்பாடு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எல்லாமே அவளைப் பெருமைப்படுத்துகிற காரணங்கள். நிஜமான காரணம் அன்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சாங்கி விமான நிலையத்தில் திருச்சி விமானத்துக்கான வரிசை காலை எட்டு மணிக்கே நீண்டு கிடந்தது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், போர்வை மூட்டைகள், தூக்கம் கலையாத குழந்தைகள். வசந்தா தன் பெட்டியைக் காலால் தள்ளித் தள்ளி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பது வயது. கல்யாணமாகி சிங்கப்பூருக்கு வந்து இருபத்தாறு வருஷம். சுவா சூ காங்கில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். கணவர் பரமசிவம் பஸ் ஓட்டுகிறார். லீவு கிடைக்காததால் அவர் வரவில்லை.

மறுநாள் காலை திருச்சியில் அவளுடைய அக்கா பூவம்மாவுக்கும் அத்தான் சுப்பிரமணியத்துக்கும் அறுபதாம் கல்யாணம். அக்காவும் தங்கையும் பேசி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. போனில் அழைத்ததுகூட அக்கா இல்லை, அக்கா மகள் திவ்யதர்ஷினிதான்.

"சித்தி, நீங்க கண்டிப்பா வரணும். அம்மா வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க. ஆனா யார் யாரக் கூப்பிடணும்னு உக்காந்து எழுதும்போது மொதல் பேரு உங்க பேரத்தான் சொன்னாங்க."

கொரோனா சமயத்தில் அம்மா இறந்தபோது வசந்தா போகவில்லை. எல்லையெல்லாம் மூடிக் கிடந்தது, வழியில்லை என்று சொல்லிவிட்டாள். அம்மாவை ஏற்றிய வண்டி போனதைக் கைப்பேசியில்தான் பார்த்தாள். அதுவும் பாதியில் அறுந்துபோனது. பத்தாம் நாள் பூவம்மா போன் செய்து, "மனசு இருந்தா வந்திருப்ப" என்றாள். ஒரே வாக்கியம். அதோடு வைத்துவிட்டாள். அப்புறம் பேச்சே இல்லை.

அந்த வாக்கியம் வசந்தாவைச் சுட்டதற்குக் காரணம், அது பாதி உண்மை. சாவுக்குப் போகிறவர்களுக்கு அவசர அனுமதி என்று ஒன்று இருந்தது. விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்று கூட வேலை பார்க்கிற ஒருத்தி சொல்லவும் செய்தாள். வசந்தா விண்ணப்பிக்கவில்லை. போனால் அங்கே நோய் வந்துவிடுமோ, திரும்பி வர முடியாமல் போய்விடுமோ என்று பயம். அந்தப் பயத்தை அவள் பரமசிவத்திடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது பந்தல் நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் நடுவில் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு வாரமாகவே யோசித்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது, நீலக் கோட்டு போட்ட ஊழியை ஒருத்தி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பேசஞ்சர்ஸ், ஒரு சின்ன விஷயம். இன்னைக்கு ஃப்ளைட்டுல ஒரு சீட் கூடுதலா புக் ஆயிடுச்சு. யாராவது ஒருத்தர் விருப்பப்பட்டு நாளைக்கு இதே ஃப்ளைட்டுல போக முடியுமா? நாளைக்கு சீட் கன்ஃபர்ம். ரூம் தர்றோம், அடுத்த ட்ரிப்புக்கு வவுச்சரும் தர்றோம்."

வரிசை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. வகுப்பில் கேள்வி கேட்டால் பிள்ளைகள் குனிகிற மாதிரியே. பதினெட்டு வருஷமாக "பதில் தெரிஞ்சவங்க கையத் தூக்குங்க" என்று சொல்லிப் பழகிய வசந்தாவின் கை தானாக மேலே போனது. தூக்கிய பிறகுதான் அது தன் கை என்றே அவளுக்கு உறைத்தது.

நாளை இதே விமானம் என்றால் திருச்சியில் இறங்க மதியம் பன்னிரண்டே கால் ஆகும். முகூர்த்தம் காலை எட்டு மணிக்கு. போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வந்தாள், சீட் இல்லாததால் தாமதமாக வந்தாள், அவ்வளவுதான். மனசுக்குள் கணக்கு ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி!" என்றாள் ஊழியை. பிறகு பக்கத்தில் திரும்பி, "அண்ணே, நீங்க வாங்க. உங்களுக்கு சீட் கிடைச்சிருச்சு" என்று கூப்பிட்டாள்.

கவுண்டருக்கு ஓரமாகத் தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். யாருக்கோ காத்திருக்கிறான் என்றுதான் வசந்தா அதுவரை நினைத்திருந்தாள். அவன் நேராக அவளிடம் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, எம் பேரு முபாரக். ஜூரோங்ல ஷிப்யார்டுல வெல்டர். ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் போறேன். பத்து நாள்தான் லீவு. நாளைக்குப் போங்கன்னு சொன்னப்ப, அந்தப் பத்துல ஒண்ணு போச்சேன்னு உக்காந்துட்டேன். எம் புள்ள ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியே இருக்கும்."

"பரவால்ல தம்பி. போய்ட்டு வாங்க."

"நான் அங்க உக்காந்திருக்கறதப் பாத்துட்டுத்தானே கையத் தூக்குனீங்க?"

வசந்தா வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "நல்ல மனசும்மா உனக்கு" என்றார். கைக்குழந்தையோடு இருந்த பெண் சிரித்துத் தலையாட்டினாள். இத்தனை பேருக்கு முன்னால் இல்லை என்று எப்படிச் சொல்வது? வசந்தா சும்மா இருந்துவிட்டாள். சும்மா இருந்தது ஆமாம் என்று ஆகிவிட்டது.

"நீங்க என்ன விசேஷத்துக்குப் போறீங்க அக்கா?" என்று முபாரக் கேட்டான். சொன்னாள். அவன் முகம் வாடிவிட்டது.

"நாளைக்குக் காலையிலயா? ஐயோ, அப்ப நீங்க போய்ச் சேர முடியாதே!"

"அது ஒண்ணும் இல்ல."

"அக்கா வீடு எங்க?"

"கே.கே. நகர்."

"ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல. போற வழிதான். தாம்பூலம், துணி ஏதாச்சும் வச்சிருந்தா குடுங்க, முகூர்த்தத்துக்கு முன்னாடி நான் சேத்துடறேன்."

முன்பின் தெரியாதவர் பொருளை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது என்று வசந்தா சொன்னாள். "அதுக்கென்ன, பிரிச்சுக் காட்டுங்க" என்றான் அவன். அவள் அங்கேயே பெட்டியைத் திறந்து, அக்காவுக்கு வாங்கிய அரக்குப் பட்டுப் புடவையையும் அத்தானுக்கு வாங்கிய எட்டு முழ வேட்டியையும் மடிப்பை அதிகம் கலைக்காமல் பிரித்துக் காட்டினாள். அன்னாசிப் பழ டார்ட் பிஸ்கட் டப்பா ஒன்று. அதையும் திறந்தாள். "இதுல ஒண்ணு குறைஞ்சா அக்கா கண்டுபிடிப்பாங்களா?" என்று அவன் கேட்டபோது, அந்தக் காலையில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். முகவரியையும் தன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள்.

ரூம் வேண்டாம், வீடே இங்கேதான் என்று சொல்லிவிட்டு, பெட்டியை அங்கேயே பாதுகாப்பு அறையில் போட்டாள். பரமசிவத்துக்குப் போன் செய்தாள்.

"சீட் இல்லையா? உனக்கு மட்டும் எப்படி இல்லாமப் போச்சு?"

"நானாத்தான் குடுத்தேன்."

"சரி லா. சாப்பிட்டியா?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமா என்று வசந்தாவுக்கே தெரியவில்லை.

உடனே வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கினாள். வெள்ளிக்கிழமை. தேக்கா சந்தையில் மீன்காரர்கள் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பஃபலோ ரோட்டில் பூக்கட்டுகிறவர்கள் பேசிக்கொண்டே கட்டினார்கள். சிராங்கூன் சாலையில் அவளுக்கு வாங்க எதுவும் இல்லை. ஒரு சைவக் கடையில் இட்லி சாப்பிட்டாள். ஒரு துணிக்கடையில் ஏறி, விலை கேட்டு, இறங்கினாள். யாருக்கும் தேவைப்படாத ஒரு நாள் கையில் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழே இருந்த கல் பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

நாலேகாலுக்குப் போன் அடித்தது. திருச்சி நம்பர். முபாரக் என்று நினைத்து எடுத்தாள்.

"நான்தான்" என்றது பூவம்மாவின் குரல்.

ஐந்து வருஷத்தில் அந்தக் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. பின்னால் யாரோ பந்தக்கால் அடிக்கிற சத்தம்.

"உன் சாமானெல்லாம் வந்து சேந்துச்சு. பொண்டாட்டி புள்ளையோட ஆட்டோவுல வந்து இறங்குனாரு அந்தத் தம்பி. காப்பி குடுத்தேன். உன்னப் பத்தி ஒரே புகழ்ச்சி. உங்க தங்கச்சி மாதிரி மனசு யாருக்கு வரும்ங்கறாரு. அவரு பொண்டாட்டி என் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்குது. எனக்கு எப்படி இருக்கும்?"

"அக்கா..."

"ஊரு பேரு தெரியாதவனுக்கு ஒரு நாள் போயிரும்னு உனக்கு அவ்வளவு துடிக்குது. கூடப் பொறந்தவளுக்கு ஒரு நாள்னா மட்டும் உனக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்கும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான்."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிர் பெஞ்சில் இருந்த சீனக் கிழவர் செய்தித்தாளை மடித்து மடித்து விசிறிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், அந்த முபாரக்கின் பத்து நாளுக்குப் பின்னால் காலம் முழுக்க ஒளிந்துகொள்ளலாம் என்று வசந்தாவுக்குத் தோன்றியது.

"அக்கா, நான் அவருக்காகக் கையத் தூக்கல. தூக்கும்போது அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. உன் முகத்தப் பாக்கப் பயந்துக்கிட்டுத்தான் தூக்கினேன். அம்மா போனப்பவும் அப்படித்தான். வழியில்லன்னு சொன்னேன்ல, அது பொய். அனுமதி கேட்டுப் பாத்திருக்கலாம். கேக்கவே இல்ல. வியாதி வந்துருமோன்னு பயம். நீ சொன்னது சரிதான்."

அந்தப் பக்கத்திலிருந்து பந்தக்கால் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. போனை வைத்துவிட்டாளோ என்று வசந்தா திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"டேய், அத அப்புறம் அடிங்கடா!" என்று பூவம்மா யாரையோ அதட்டினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"நீ வந்திருந்தாலும் பாத்திருக்க முடியாதுடி. தெருவையே தகரம் வச்சு அடைச்சிட்டாங்க. ஆஸ்பத்திரியிலேருந்து நேரா கொண்டு போனாங்க. நானே பத்தடி தள்ளி நின்னுதான் பாத்தேன். முகத்தக்கூடக் காட்டல. மூட்டை மாதிரி கட்டி வச்சிருந்தாங்க. உங்க அத்தானுக்குக் காய்ச்சல், வரல. திவ்யா சென்னையில மாட்டிக்கிட்டா. நான் ஒருத்தியா நின்னேன்."

"இதெல்லாம் நீ சொல்லவே இல்லையே."

"யாருகிட்ட சொல்ல? கூட நிக்க ஆளில்லையேங்கற ஆத்திரத்துல உனக்குப் போன் போட்டேன். ஏதோ சொன்னேன். நீ திருப்பித் திட்டுவன்னு நெனச்சேன். நீ பேசாம இருந்துட்ட. அதுக்கப்புறம் எப்படிப் பேசறதுன்னு எனக்கும் தெரியல."

இருவருமே அழவில்லை. அந்த வீட்டில் பெண்கள் அவ்வளவு சுலபத்தில் அழ மாட்டார்கள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு இறங்குற?" என்று பூவம்மா கேட்டாள்.

"பன்னெண்டே காலுக்கு."

"எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"தெரியும். என்ன மன்னிச்சுக்க."

"மன்னிக்கறது என்ன பெரிய மன்னிக்கறது? கூட்டம் போயிரும். உக்காந்து பேசலாம். பெரியம்மா மகன் பரிமாறறேன்னு வந்து எல்லாத்தையும் கெடுப்பான், அவன்கிட்டேருந்து கொஞ்சம் பாயசத்தத் தனியா எடுத்து வைக்கறேன்." பிறகு பேச்சை மாற்றினாள். "அந்தப் பட்டு எனக்குக் கொஞ்சம் அடர்த்தியான கலரு. ஆனாலும் நாளைக்கு அதத்தான் கட்டப்போறேன்."

மறுநாள் காலை பரமசிவம் வேலைக்குப் போகும் முன் அவளைச் சாங்கியில் கொண்டுவந்து விட்டார். வீட்டிலிருந்து வருகிற வழியெல்லாம் வசந்தா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், அனுமதி கேட்காமல் விட்டதையும் சேர்த்து. அவர் கேட்டுக்கொண்டார். இறங்கும்போது, "அன்னிக்கு நீ கேட்டிருந்தா நானும் போகாதேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அதில் ஆறுதல் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை.

கவுண்டரில் வேறு ஊழியை. யாருக்கும் அவளைத் தெரியவில்லை. அது நிம்மதியாக இருந்தது.

திருச்சி வெயிலில் கண் கூசியது. திவ்யா ஆட்டோவோடு வந்திருந்தாள். கே.கே. நகர் வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. அத்தான் மாலையைக் கழற்றிய கையோடு உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பூவம்மா அடுப்பங்கரை வாசலில், பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையல்காரரோடு ஏதோ பாத்திரம் குறைகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் சண்டையைப் பாதியில் விட்டாள்.

"இளைச்சுட்ட" என்றாள்.

"நீயும்தான்."

"நான் எங்க இளைச்சேன், பொய் சொல்லாத. கை கழுவிட்டு வா."

கூடத்தில் இரண்டு இலை போட்டார்கள். பூவம்மாவும் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை. சாம்பார் தீர்ந்து ரசம்தான் மிஞ்சியிருந்தது. பாயசத்தைத் தனியாக எடுத்து வைக்க மறந்துவிட்டதாகச் சொல்லி, பூவம்மா பெரியம்மா மகனை ஒரு பாட்டம் திட்டினாள். யார் யார் வந்தார்கள், யார் மொய் எழுதாமல் சாப்பிட்டுப் போனார்கள், யாருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். அம்மாவைப் பற்றி இருவரும் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சிங்கப்பூர் திரும்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது; அதற்குள் பேசிக்கொள்ளலாம்.

இலையை எடுத்த பிறகு பூவம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவள். நாத்தனாரின் புதுச் சங்கிலியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதி வாக்கியத்திலேயே தூங்கிப்போனாள். வசந்தா எழுந்து மின்விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்தாள். பிறகு ஒரு தலையணையைத் தேடி எடுத்துவந்து, அக்காவுக்குப் பக்கத்தில் அவளும் படுத்தாள்.