சேவல் கூவாத காலை

டில்லி ஜனக்புரியில் அடுக்கு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த எழுபத்தொன்பதாம் வருஷம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தாள் வேலை பார்த்த வீராயி நஜஃப்கட் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து ஐந்து குஞ்சுகளை வாங்கிவந்தாள். "எல்லாம் பெட்டைதான், பெஹன்" என்று பண்ணைக்காரர் தங்கச்சி முறை வைத்துச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் மடிமேல் இருந்த கூடை கதகதவென்றிருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால்தான் அவளுக்கு முட்டை கிடைக்கும். இனி காய்ச்சல் இல்லாமலே கிடைக்கும் என்று நினைத்தபடி, ஜன்னல் காற்றில் கண் செருகி வந்தாள்.

குளிர் தொடங்கிய சமயம், ஒரு விடியலில் பெரிய குஞ்சு செங்கல் அடுக்கின் மேல் ஏறிக் கழுத்தை நீட்டித் துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம் எழுப்பியது. பத்து நாளில் ஐந்துமே கூவின. அவள் புருஷன் தர்மன் கம்பளிக்குள் கிடந்தபடி சிரித்தான்.

"அஞ்சும் ஆம்பளையா புள்ள?"

"கிண்டல் பண்ணாத மாமா."

ஆனால் அந்த வரிசையில் இருந்த பன்னிரண்டு குடிசைகளும் அந்தக் கூவலில்தான் எழுந்தன. ஆறு மணிக்கு வேலைக்கு ஏற்றிப்போக லாரி வரும். பக்கத்துக் குடிசைப் பொன்னம்மாள் தன் அலாரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதையே விட்டுவிட்டாள்.

மார்கழியில் வீராயி ஐந்தையும் கூடையில் போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கிற நினைப்போடு பண்ணைக்குப் போனாள். பண்ணைக்காரர் கொண்டைகளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒரு நாள் குஞ்சு, பெஹன். என் கண்ணும் ஏமாறும்."

ஐந்தையும் வாங்கிக்கொண்டு, முட்டையிடப் பருவமான இரண்டு பெட்டைகளைக் கொடுத்தார். கொட்டகைக்குள் மங்கிய வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான வெள்ளைக் கோழிகள் தூக்கத்தில் பேசுவது போல முனகிக்கொண்டிருந்தன. சண்டை எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. "பெரியவன் ஊறவச்ச அரிசிதான் தின்பான்" என்று அரைகுறை இந்தியில் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் கண் விழித்தபோது வாசலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. எதிர்க் குடிசையைப் பனி விழுங்கியிருந்தது. எந்தப் பக்கமும் சத்தமில்லை. கனவுதான் இன்னும் முடியவில்லை என்று சற்று நேரம் அப்படியே கிடந்தாள்.

பனிக்குள்ளிருந்து பொன்னம்மாளின் குரல் வந்தது. "வீராயி, லாரி வந்துச்சா?"

"தெரியலக்கா."

லாரி வந்து, பனியில் மெயின் ரோட்டிலேயே நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, எப்போதோ போய்விட்டது என்று முக்கு டீக்கடைக்காரர் சொன்னார். குடிசைகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திட்டு விழப்போகிறதென்று வீராயி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாலதான்" என்றாள்.

அவர்களில் மூத்த கொத்தனார் பெரியண்ணன் செங்கல் மேல் உட்கார்ந்து முகத்தைத் தடவிக்கொண்டார். "டில்லி வந்து ஆறு வருஷத்துல நான் இவ்வளவு நேரம் தூங்குனதே இல்ல" என்றார், யாரோ கொடுத்த பண்டத்தை ருசி பார்ப்பவர் போல.

பொன்னம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். யாரோ வேர்க்கடலை வறுத்தார்கள். வாசனை மட்டும் பனியில் நடந்து வந்தது. பத்து மணிக்குமேல் பால் நிறத்தில் ஒரு வெயில் இறங்கியது. அதில் பாயை விரித்து ஆண்கள் மறுபடியும் தூங்கினார்கள்.

தர்மன் பாயில் நகர்ந்து இடம்விட்டான். "வந்து படு புள்ள."

பகலில் அவள் படுத்ததே இல்லை. தயங்கி, பிறகு படுத்தாள். செங்கல் பக்கம் பெட்டைகள் கிளறுவது கேட்டது. எழுந்து பார்க்க நினைத்தாள், கண் மூடிக்கொண்டது.