உடு, ஏறிச்சி

வேலப்பன்சாவடியில் லாரிகளை எடை போடும் மேடையில் ஊழியக்காரர் ஜஸ்டின் தனியாக ஏறி நின்றபோது இரண்டே முக்கால் டன் காட்டியது. அவர் ஒல்லியான ஆள். பேண்ட் இடுப்பில் நிற்பதற்கு நாடா கட்டியிருந்தார். எடைமேடையில் வேலை பார்த்த ராகேஷ், மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து அவரை இறங்கச் சொல்லிவிட்டு ஒரு ஜல்லி லாரியை ஏற்றினான். லாரிக்குச் சரியாகத்தான் காட்டியது. "இன்னா பாஸ்டரே, பைபிளுக்குள்ள இரும்பு கிரும்பு வச்சிகினு கீறியா?" என்று கேட்டான். பைபிளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நின்றார். முள் அதே இடத்துக்குத்தான் வந்தது. அதற்கு முன்பே அவருடைய சைக்கிள் ஒடிந்து போயிருந்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அவரைக் கண்டால் நிறுத்தாமல் போனார்கள். அவர் நடந்த தெருக்களில் தார் அமுங்கி, செருப்புத் தடம் குழி குழியாகக் கிடந்தது. எவ்வளவு எடை என்பது மட்டும்தான் அன்றைக்குப் புதிதாகத் தெரிந்தது.

ஜஸ்டின் மண்ணூர்பேட்டையில் ஒரு குடோனில் லோடுமேனாக இருந்தவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் முதுகிலிருந்து இன்னொருவன் முதுகுக்கு மூட்டை மாறும்போது, வாங்குகிறவன் "உடு, ஏறிச்சி" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வரும் வரைக்கும் கொடுக்கிறவன் கையை எடுக்கக் கூடாது. முன்னாலேயே எடுத்தால் வாங்குகிறவன் இடுப்பு போய்விடும். இரண்டு பேர் கையும் மூட்டையில் இருக்கும் வரை அது யாரையும் சாய்க்காது. ஒரு நாள் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ஆண்டவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று மனைவி அஞ்சலையிடம் வந்து சொன்னார். வேலையை விட்டார். நூம்பலில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீட்டின் முன்னறையை ஜெபவீடாக்கினார். பின்னறையில் குடும்பம் நடந்தது. சுவிசேஷம் சொல்ல ஊர் ஊராகப் போனார். அப்படித் திருத்தணிப் பக்கம் போயிருந்த வாரத்தில்தான் நாலு வயது மகள் வர்ஷா காய்ச்சலில் செத்துப் போனாள். ஜெபக்கூட்டத்தில் மணி அடிக்கக் கூடாது என்று போனை அணைத்து வைத்திருந்தார். அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் அஞ்சலை அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், முன்னறைக்கு மட்டும் வரவில்லை.

மகளைப் புதைத்து வந்தவர் முழங்கால் போட்டு, ஊழியக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் ஆத்தும பாரத்தை, பிறர் ஆத்துமாவுக்காகத் தவிக்கும் மனதை, கேட்டார். கேட்ட விதம்தான் லோடுமேன் விதமாகிவிட்டது. "ஆண்டவரே, நூம்பல்ல ஒரு ஆள் பாக்கி இல்லாம, அவங்க பாரத்த என் முதுகுல ஏத்து" என்றார். மற்றவர்கள் வாயில் பாரம் என்பது ஒரு பேச்சு. இவர் வாயில் அது மூட்டை. ஆண்டவரும் மூட்டை என்றே எடுத்துக்கொண்டார்.

முதலில் துலுக்கானம் வந்தார். தான் நாற்று நட்ட வயலின் மேல் எழும்பிய அடுக்குமாடிக்கே வாட்ச்மேனாகி, கேட்டில் உட்கார்ந்து தினமும் அழுதுகொண்டிருந்தவர். ஜஸ்டின் அவர் தலையில் கை வைத்து ஜெபித்து, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் வாய்ப் பழக்கத்தில் "உடு, ஏறிச்சி" என்றார். துலுக்கானம் விட்டார். அன்றிலிருந்து அவர் சேற்றில் நடந்தாலும் தடம் விழவில்லை. அடுத்து லோகநாயகி, புருஷன் அடித்த அடியையெல்லாம் இறக்கி வைத்தாள். அந்த அடுக்குமாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் யுவராணி, தூக்கம் பிடிக்காத தன் பயத்தை இறக்கி வைத்தாள். தெருத் தெருவாக வந்தார்கள். எல்லோரும் லேசானார்கள். ஆடிக் காற்றில் லோகநாயகி அரிசிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு ஒருவரும் வரவில்லை. லேசான மனிதர்களுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது.

ஐப்பசி மழையில் தன் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே ஜஸ்டின் முழங்கால் வரை இறங்கினார். காலை எடுக்க முடியவில்லை. தை மாதம் தொடை வரை போனார். ஜேசிபி வந்தது, சங்கிலி அறுந்தது. தீயணைப்புக்காரர்கள் பெரிய வண்டி கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். அம்பத்தூரிலிருந்து பெரிய பாஸ்டர் வந்து பார்த்து, "ஜெபிங்க பிரதர்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பட்டப்பகலில், தெருவே பார்க்க, ஜஸ்டின் வாய்விட்டு அழுதார். "ஆண்டவரே, முடியல. வேற லோடுமேன் யாராச்சும் இருந்தா அனுப்பு" என்று கேட்டார். யாரும் வரவில்லை. பாரத்தோடு வந்தவர்கள்தான் வந்தார்கள். அவர்கள் குனிந்து தலையைக் கொடுத்தார்கள். ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை.

பங்குனியில் இடுப்பு வரை மண்ணுக்குள் இருந்தார். நூம்பலில் பாக்கி இருந்தது அஞ்சலை ஒருத்திதான். அவள் குத்துக்காலிட்டு அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சல, உன்னுது மட்டுந்தான் பாக்கி. குட்த்துடு."

"குட்த்தா நீ முழுசா உள்ள பூடுவ."

"பூட்டா போறேன். அவருக்காகத்தான."

"அவருக்காகத்தான் அன்னிக்கும் போன. கொய்ந்த மூச்சு வாங்கச்சொல்ல எத்தினி வாட்டி போன் அட்ச்சேன், எடுத்தியா நீ?"

அவர் வாயில் சோறு இருந்தது. கையை நீட்டினார். எட்டியது அவள் பாதம்தான். அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். தார் விரிந்தது. இடுப்பிலிருந்து மார்பு வரை ஒரே இழுப்பாக உள்ளே போனார். மூச்சு அடைக்க, "உடு, ஏறிச்சி" என்றார்.

அஞ்சலைக்குத் தன்னிடமிருந்து போவது என்னவென்று தெரிந்தது. குழந்தையின் நெற்றிச் சூடு போயிற்று. ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து விறைத்த விரல்களின் வலி போயிற்று. மற்றவர்கள் போகட்டும் என்று விட்ட இடத்தில் அவள் எட்டிப் பிடித்தாள்.

"உடமாட்டேன்யா."

"உடு அஞ்சல, ஏறிச்சி. தாங்க முடியல."

"அவளையும் உன்கிட்ட குட்த்துட்டு நான் இன்னாத்த வச்சிகினு கீறது? உனக்கு மட்டுமா பொண்ணு? ஆளுக்கு ஒரு பக்கம் புடி."

அவர் ஆண்டவருக்குச் சொன்ன வார்த்தையில் ஒரு ஆள் பாக்கி நின்றுவிட்டது. அதை நினைத்து அன்று முழுக்க அழுதார். ஆனால் இரண்டு பேர் கை பட்ட மூட்டை ஆளைச் சாய்க்காது என்பது குடோன் வழக்கம். மார்போடு நின்றார். அதற்கு மேல் ஒரு விரற்கடை இறங்கவில்லை.

இப்போதும் அங்கேதான் இருக்கிறார். புதிதாக ரோடு போட்டவர்கள் அவரைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுப் போட்டார்கள். மழைக்கு அஞ்சலை மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறாள். அடுக்குமாடிக்குச் சாப்பாடு கொண்டு வருகிறவர்களிடம், ஊழியக்காரரைத் தாண்டி இரண்டாவது கேட் என்று வழி சொல்கிறார்கள். அஞ்சலை தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனால் ஜஸ்டினுக்குக் கொஞ்சம் பயம் வரும். "அஞ்சல" என்று கூப்பிடுவார். "புடிச்சிகினுதான் கீறேன்" என்று அங்கிருந்தே அவள் குரல் கொடுப்பாள். குடம் நிரம்பியதும் இடுப்பில் வைத்துக்கொண்டு, சற்றுக் கனமாகவே நடந்து வருவாள்.