கயிறு வழியே போகும் பயம்

கேலாஸ் என்னிடம் வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. கண்ணிவெடி மோப்பம் பிடிக்க வந்த நாய். முன்பு அவளை வைத்திருந்தவன் அடித்தே பழக்கியிருந்தான். அதனால் எதைச் செய்யுமுன்பும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் கை ஓங்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. நான்காவது மாதம் என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள்.

பிழை அதற்குப் பிறகு நடந்தது. பயிற்சி நிலத்தில் வெடிமருந்துத் துண்டு எங்கே புதைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த இடம் நெருங்கினால் என் கை தானாகக் கயிற்றை இறுக்கும். கேலாஸ் உட்காருவாள்; வெடி இங்கே என்பதற்கு அதுதான் அடையாளம். நானும் மகிழ்ந்து பரிசாகப் பந்தைக் கொடுப்பேன். மூன்று வாரம் அவள் மண்ணை முகரவில்லை, என்னைத்தான் முகர்ந்திருக்கிறாள். குழுத் தலைவர் ரேபின் எனக்குச் சொல்லாமல் இடத்தை மாற்றினார். கேலாஸ் துண்டைத் தாண்டிப் போய், பழைய இடமென்று நான் மூச்சைப் பிடித்த வெறும் மண்ணில் உட்கார்ந்தாள்.

"குவெஸ்தான், நாய்க்கு ஒண்ணுமில்ல. உன் கைக்குத்தான் பாடம் எடுக்கணும்," என்றார் என்னிடம்.

முதலிலிருந்து தொடங்கினோம். எட்டு மாதம் ஆயிற்று.

இன்று பென்ஜ்வின் மலைச்சரிவில், ஊர்ப் பெரியவர் ஹமா மாமாவின் அக்ரூட் தோப்பில் கண்ணிவெடி தேட வந்திருந்தோம். நாய் தேடி முடித்த தடத்தில் முதலில் நடப்பது அதைப் பழக்கிய ஆள்தான் என்பது எங்கள் குழுவின் விதி.

தடத்தின் நடுவில் ஒரு மரம். அதன் வேரில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. வெடி அங்கேதான் என்று எனக்குப் பட்டது. எல்லையில் நின்றபடி, என் பயம் அவளுக்குப் போகாமல் நீளக் கயிற்றின் நுனியை இரண்டு விரலில் மட்டும் பிடித்தேன். கேலாஸ் மரத்தடியில் நின்று திரும்பி என் முகத்தைத் தேடினாள். நான் வானத்தைப் பார்த்தேன். முகரும் ஓசை விட்டு விட்டுக் கேட்டது. பிறகு கயிறு முன்னே நகர்ந்தது.

நாலடி தள்ளி, பசும்புல்லில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மூக்கு தரையை நோக்கியே இருந்தது.

எல்லைக்கு வெளியே நின்ற ஹமா மாமா சிரித்தார். "அட, மேல் வழியா வந்து அங்கதானே என் கழுதையைக் கட்டுறேன்! உன் நாய்க்குக் கால் வலி போலிருக்கு."

"மாமா, வாய மூடிட்டு நில்லுங்க," என்றார் ரேபின். பிறகு என்னிடம், "முடிவு உன்னுது," என்றார்.

பந்தை இப்போதே கொடுக்க வேண்டும். தோண்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் எதற்கென்று அவளுக்குத் தெரியாது. அவள் சொன்னது சரியாயிருந்து நான் கொடுக்காவிட்டால், என்னை நம்பமாட்டாள். தவறாயிருந்து கொடுத்தால் எட்டு மாதமும் போச்சு. அதைவிட, அவள் மூக்கு தவறென்றால், வெடியில்லை என்று அவள் தாண்டிப் போன மரத்தடியையும் நம்ப முடியாது. அதன்மேல்தான் நான் நடந்தாக வேண்டும்.

கூப்பிட்டேன். வந்தாள். பந்தைக் கொடுத்தேன்.

அடையாளம் வைக்கச் சிவப்பு பூசிய கல்லை எடுத்துக்கொண்டு, அவள் பாதம் அமுக்கிய புல்லைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். கம்பிக்குப் பக்கத்தில் வலது கால் இறங்க மறுத்தது. பல்லைக் கடித்து இறக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இடது கால். ஒன்றும் நடக்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்துக்கு ஓரடி முன்னால் கல்லை வைத்துத் திரும்பினேன்.

ரேபின் குப்புறப் படுத்து இருபது நிமிடம் மெல்லிய கோலால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்த்தார்.

"இருக்கு. ரெண்டு விரல் ஆழம்தான். பனி உருகி மேலேருந்து இழுத்துட்டு வந்திருக்கு."

ஹமா மாமா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முந்தாநாள் மருமகளை அனுப்பினேன், கழுதையை அவுத்துட்டு வான்னு," என்றார். "முழுகாம இருக்கா அவ."

என் காலடியில் கேலாஸ் பந்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.