இடப்பக்கத்துப் புள்ளிகள்

பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் எங்கெங்கே படுகிறது என்று அளப்பதுதான் பிரியந்தினியின் ஆய்வு. குருநகரில் மீன் விற்கும் அருமைநாயகி அன்று மூன்றாவது தடவையாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். அவருடைய வாயை அச்செடுத்துச் செய்த மெல்லிய தட்டு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. அதில் அறுபத்திரண்டு உலோகப் புள்ளிகள். நாக்குப் படும் புள்ளி கணினித் திரையில் ஒளிரும். மின்சுற்றுக்காக இடக்கையில் ஓர் உலோகத் தண்டைப் பிடித்திருக்க வேண்டும்.

"சட்டி" என்று பத்துத் தரம் சொல்லவேண்டும். ஆறாவது தரத்தில் திரையின் இடப்பக்கப் புள்ளிகள் குறையத் தொடங்கின. எட்டாவதில் அங்கே ஒன்றுகூட இல்லை.

கம்பி அறுந்துவிட்டதென்று பிரியந்தினி நினைத்தாள். தட்டைக் கழற்றிக் கழுவி, தண்டைத் தானே பிடித்தபடி ஈரவிரலால் தொட்டுப் பார்த்தாள். எல்லாப் புள்ளிகளும் ஒளிர்ந்தன.

மறுபடி பொருத்தினாள். வெள்ளென, நேரத்தோடு வீட்டுக்குப் போய்ச் சமைக்கவேண்டும் என்று அருமைநாயகி சலித்துக்கொண்டார். சொற்கள் குழறின. ஆனால் தட்டோடு தெளிவாகக் கதைக்க அவர் முதல்நாளே பழகியிருந்தார்.

இன்னொரு தரம் சொன்னார். திரை முழுவதும் இருண்டது.

"அம்மா, தண்டை விட்டிட்டியள்."

"இல்லைப் பிள்ளை. பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்."

தண்டு அவருடைய மடியில் கிடந்தது.

பிரியந்தினி தட்டைக் கழற்றிவிட்டுச் சிரிக்கச் சொன்னாள். வாயின் வலப்பக்கம் மட்டும் அசைந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். இடக்கை பாதியில் விழுந்தது.

அம்புலன்சுக்கு அழைத்தாள். கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று எழும்பப் பார்த்த அருமைநாயகியைத் தோளில் அழுத்தி இருத்தினாள்.

"நான் செத்துப்போவனோ?"

"தெரியாதம்மா. ஆனால் சுணங்கக்கூடாது."

ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது அருமைநாயகியால் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. பாரிசவாதம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, சரியாகத் தெரிந்தால்தான் மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவெடுக்கலாம் என்றார் டொக்டர். பிரியந்தினி கையோடு கொண்டுவந்த மடிக்கணினியைத் திறந்து பதிவைப் பார்த்தாள். இடப்பக்கப் புள்ளிகள் குறையத் தொடங்கியது பத்து மணி பதின்மூன்று நிமிடத்தில். ஊசி போட்டார்கள்.

நாலாம் நாள் அவள் போனபோது அருமைநாயகி கட்டிலில் சாய்ந்திருந்தார். இடக்கை விரல்கள் மறுபடி மடங்கின. கதை மெதுவாக, ஆனால் விளங்கும்படி வந்தது. அந்தப் பதிவை அழித்துவிடவா என்று பிரியந்தினி கேட்டாள்.

"வைச்சிரு பிள்ளை. ஆருக்கும் உதவும். எனக்கு மட்டும் போட்டுக் காட்டாதை."