இரும்பும் அலுமினியமும் ஒட்டாது

1.

இந்தக் கதை எனக்கு ஒரு வெல்டிங் பட்டறையில் கிடைத்தது. எங்கள் வீட்டுக் கேட்டின் கீல் பிய்ந்துபோனதால் அதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். அவருடையது பழசு. கறுப்பு இரும்பு, கம்பி பிரேக், டைனமோ, ஸ்பிரிங் வைத்த தோல் சீட். அந்த அம்மாவுடையது புதுசு. அலுமினியம், கியர், டிஸ்க் பிரேக். இரண்டையும் வெட்டிச் சேர்த்து, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற ஒரே வண்டியாக்கித் தரவேண்டும் என்றார்கள்.

"எதுக்கு?" என்று கேட்டார் வெல்டர்.

"வேகமா போக" என்றார் கணவர்.

"மெதுவா போக" என்றார் மனைவி. இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன.

வெல்டர் என்னைப் பார்த்தார். நான் கீலைப் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதற்கு மேல் வருவதெல்லாம் நானாகக் கட்டியது. அவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் கோபப்பட முழு உரிமை உண்டு. சைக்கிள் தெரிந்தவர்களுக்கும் உண்டு.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"அந்த மனிதருக்கு ஒரு கனவு இருந்தது, அந்தக் கனவுக்கு இரண்டு சக்கரங்கள்" (வேண்டாம்.)

"சைக்கிள் என்பது மனித குலம் கண்டுபிடித்த" (யாரும் கேட்கவில்லை.)

"மழை பெய்து ஓய்ந்த ஒரு" (மழை பெய்யவில்லை.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் பஸ் டிரைவர். ஒரு தொழிற்சாலையின் ஆட்களைக் காலையில் ஏற்றிப்போய், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குகிற பஸ். திடீரென்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். கேட்டவர்களிடம் முதுகுவலி என்றார். மனைவியிடமும் அதையேதான் சொன்னார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. தெருவில் எல்லாருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா. முதுகுவலிக்காரர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவர். முதுகு வலிக்கிற ஆள் எப்படி எழுந்திருப்பான், எப்படிக் குனிவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இங்கே இவர் கட்டிலுக்கு அடியில் போன செருப்பைச் சட்டென்று குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

(இரண்டாவது வரைவில் இவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். போன் செய்து எல்லாருக்கும் புத்தி சொன்னாள். எடுத்துவிட்டேன்.)

வேலையில்லாத மனுஷனுக்குப் பொழுது போகவேண்டுமே. டிரைவர் மொட்டைமாடிக்குப் போய், சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு சைக்கிள் வரைந்தார். சின்னதாக இல்லை, நிஜ அளவில். துணி காயப்போட வாளியோடு வந்த அக்கா நின்றார்.

"என்னங்க இது?"

"சைக்கிள்."

"சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு நீளம்?"

"ரெண்டு பேர் மிதிக்கிறது. முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர்."

"முன்னாடி யாரு?"

"ஓட்டத் தெரிஞ்சவங்க."

அக்கா படத்தை மிதிக்காமல் சுற்றிச் சுற்றிப் போய்த் துணியைக் காயப்போட்டார். மறுநாள் டிரைவர் மாடிக்குப் போனபோது பின்சக்கரத்தில் நீலச் சாக்பீஸில் ஒரு டிஸ்க் பிரேக் முளைத்திருந்தது.

அதிலிருந்து ஆரம்பித்தது. அவர் தன் பழைய வண்டியின் வளைந்த ஹேண்டிலை வரைந்தால், அக்கா பின்னால் கியர் வரைவார். அவர் டைனமோ விளக்கு வைத்தால், அக்கா அதன்மேல் கோடு போட்டுவிட்டு பேட்டரி விளக்கு வைப்பார்.

"டைனமோல என்ன குறை?"

"வண்டி நின்னா அணைஞ்சுபோகும்."

"நின்ன வண்டிக்கு எதுக்கு விளக்கு?"

"நிக்கிறோம்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியவேணாமா?"

அவர் யோசித்தார். டைனமோவை அழித்தார். பதிலுக்கு, குமிழ் மாதிரி இருக்கும் பழைய மணியை அக்கா ஒத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றி இத்தனை நாள் பேசியதில்லை. தரையில் கிடந்த அந்த வண்டி முன்பாதி வெள்ளையாகவும் பின்பாதி நீலமாகவும் வளர்ந்தது. டிரைவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பயத்துக்குக் காரணம் அடுத்த பகுதியில்.

3.

வலித்தது முதுகு இல்லை. கண்ணும் வலிக்கவில்லை, அதுதான் சிக்கல்.

ஒரு திருப்பத்தில் பஸ்ஸின் இடதுபக்கம் ஒரு கேட்டுத் தூணை உரசியது. பெரிய சேதமில்லை, யாருக்கும் அடியில்லை. ஆனால் டிரைவர் அந்தத் தூணைப் பார்க்கவே இல்லை. பக்கக் கண்ணாடியில் கீறலைப் பார்த்த பிறகும் தூண் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. கண் டாக்டரிடம் தனியாகப் போனார். பக்கவாட்டுப் பார்வை இரண்டு கண்ணிலும் சுருங்கிக்கொண்டு வருகிறது, இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார் டாக்டர். நேராக உள்ளது எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பேப்பரில் பொடி எழுத்து விளம்பரம்கூடப் படித்தார்.

மறுநாளே பஸ் சாவியைக் கொடுத்துவிட்டார். இன்றைக்குத் தூண், நாளைக்கு அங்கே ஒரு ஆள் நிற்பான். அதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

(டிரைவர் பிடிவாதக்காரர் என்று எழுதி அடித்துவிட்டேன். பிடிவாதக்காரர் சாவியைக் கொடுக்கமாட்டார்.)

குழப்பம் வீட்டில்தான். மனைவியிடம் சொன்னால் அவர் கையைப் பிடித்து ரோடு கடக்கவைப்பார். பாத்ரூமில் கம்பி வைப்பார். சொல்லாதவரைக்கும் தான் டிரைவர், முதுகுவலிக்கு ஓய்வெடுக்கிற டிரைவர். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தால் ஏன் என்று கேள்வி வரும். அதனால் முன் சீட் அவருக்கு வேண்டியிருந்தது.

அக்காவுக்கோ எப்போதோ தெரியும். டீ டம்ளரை அவருக்கு இடதுபக்கமாக வைத்துவிட்டு நின்றார் ஒருநாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டே "டீ போடலையா?" என்றார். அடுத்த நாளும் வைத்தார். அடுத்த நாளும் கேட்டார். அக்கா டம்ளரை அவர் கண்ணுக்கு நேராக நகர்த்தினார்.

4.

(இங்கே டிரைவரின் இளமைக்காலம் வந்தது. நீங்கள் நினைக்கிற மாதிரியேதான் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

5.

மறுபடியும் பட்டறை. என் கீலோடு நான் ஓரமாக நிற்கிறேன், என்னைக் கண்டுகொள்ளவேண்டாம்.

"இரும்பும் அலுமினியமும் ஒட்டாது" என்றார் வெல்டர்.

"நல்லா சூடு பண்ணினா?" என்றார் டிரைவர்.

"அலுமினியம் உருகி ஊத்திடும். இரும்பு அப்படியே நிக்கும்."

இதைக் கேட்டதும் அக்கா கணவரை ஒரு பார்வை பார்த்தார். (அந்தப் பார்வையை வைத்தது நான். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது.)

கடைசியில் இப்படி முடிவானது. பழைய இரும்புக் கடையில் இன்னொரு கறுப்பு சைக்கிள் தேடிப் பிடிப்பது. இரண்டு இரும்பையும் சேர்த்து உடம்பு. அக்காவின் புது வண்டியிலிருந்து கியர், பிரேக், விளக்கு, பின் சீட். அக்கா தன் வண்டி கழற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எலும்பு பழசா இருந்தா பரவாயில்ல" என்றார்.

வெல்டர் முதல் தடவை அளவு தப்பாக வெட்டிவிட்டார். பின்னால் உட்காருகிறவர் முன்னால் இருப்பவரின் தோளில் தாடையை வைக்கவேண்டியிருந்தது. மறுபடி வெட்டினார். ஒருவழியாக வெளியே வந்த வண்டி, முன்னால் தபால்காரர் சைக்கிளாகவும் பின்னால் பந்தய சைக்கிளாகவும், நடுவில் தழும்போடும் இருந்தது. தெருவில் அதைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

டிஸ்க் பிரேக்கின் பிடி பின் சீட்டுக்காரர் கையில். அக்கா அதில் விட்டுக்கொடுக்கவில்லை. முன்சக்கரத்துக் கம்பி பிரேக் டிரைவரிடம் இருந்தது. அதைப் பிடித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் நிற்கும்.

"முன்னாடி நான் உக்காரட்டுமாங்க?"

"உனக்கு எதுக்கு சிரமம்" என்று சொல்லி டிரைவர் ஏறிவிட்டார்.

அக்கா பின்னால் ஏறினார். டிரைவருக்கு அகலமான முதுகு. அக்காவுக்கு எதிரே சட்டை மட்டும்தான் தெரிந்தது.

"எனக்கு முன்னாடி ஒண்ணும் தெரியல. சும்மா வர்றதுக்குப் போரடிக்குது. பக்கத்துல வர்றதையெல்லாம் சொல்லிக்கிட்டு வரேனே?"

"சொல்லு, சொல்லு" என்றார் டிரைவர். அவர் தோள் இறங்கியதை அக்கா பார்த்தார்.

(அவருக்கு நேரே மட்டும் தெரியும். அக்காவுக்கு நேரே மட்டும் தெரியாது. இது எனக்கே சந்தேகம் வரும் அளவுக்குப் பொருந்திவிட்டது. இங்கேயே முடித்திருந்தால் ஏதாவது பரிசுகூடக் கிடைத்திருக்கும். ஆனால் ரோடு என்று ஒன்று இருக்கிறதே.)

6.

"வலது, நாய்" என்றார் அக்கா. டிரைவர் மணியடித்தார். நாய் ஒதுங்கியது.

"இடது, ஸ்கூட்டர்." டிரைவர் வேகத்தைக் குறைத்தார். ஸ்கூட்டர் போனது.

இரண்டு தெரு இப்படியே போனார்கள். காற்று முகத்தில் அடித்தது. டிரைவருக்கு உலகம் மறுபடி முழு அகலத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. பாதியைக் கண்ணாலும் மீதியைக் காதாலும் பார்த்தார். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார். பாட்டாகத்தான் இருக்கவேண்டும்.

மூன்றாவது தெருவில் இடதுபக்கம் ஒரு கேட்டுக்குள்ளிருந்து ஒரு வேன் ரிவர்ஸில் வந்தது. அக்காவுக்குப் பதற்றத்தில் 'வேன்' என்ற சொல் வரவில்லை.

"இடது! இடது!"

வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிய கைகள். பின்னாலிருந்து இடது என்று குரல் வந்தால் இடதுபக்கம் ஒடிப்பதுதான் அவற்றுக்குத் தெரியும். ஒடித்தன.

அக்கா டிஸ்க் பிரேக்கை முழுக்க அமுக்கினார். அதனால்தான் வேனில் மோதாமல் வேனுக்குப் பக்கத்தில் விழுந்தார்கள். வண்டி அவர்கள் மேல் விழுந்தது. மணி ஒருமுறை தானாக அடித்தது.

வேன்காரர் குதித்து இறங்கினார். இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"யோவ், கண்ணு தெரியலையா உனக்கு?"

டிரைவர் ரோட்டில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியல" என்றார். "நேரே தெரியுது. ரெண்டு பக்கமும் தெரியல."

வேன்காரர் அடுத்துச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் இந்தப் பதிலுக்குப் பொருந்தவில்லை. அவர்கள் மேல் கிடந்த வண்டியைத் தூக்கினார்.

அக்கா இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்திருந்தார். "இதை என்கிட்ட சொல்றதுக்கு ஒரு வேன் வரவேண்டியிருக்கா?" என்றார்.

"உனக்குத் தெரியுமா?"

"டம்ளரை எத்தனை நாள் நகர்த்தி நகர்த்தி வெச்சேன்."

டிரைவர் கீழே பார்த்தார். பிறகு, நேராகத் தெரிகிற அந்தச் சின்ன வட்டத்துக்குள் மனைவியின் மணிக்கட்டைக் கொண்டுவந்து பார்த்தார். அது வீங்கிக்கொண்டிருந்தது.

வேன்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சைக்கிளையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

7.

அக்காவின் கையை அக்காவின் மெஷினிலேயே எடுத்தார்கள். கூட வேலைபார்க்கும் பெண் "அசையாதீங்க" என்றபோது, "அதை நான் சொல்லணும்" என்றார் அக்கா. மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள்.

டிரைவர் வராந்தா பெஞ்சில் இருந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்காரப் போய், பிறகு சுற்றி வந்து எதிர் பெஞ்சில், அவர் கண்ணுக்கு நேரே உட்கார்ந்தார்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றார் டிரைவர்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் பின்னாடி ஏறின? விழுந்திருப்போமே."

"விழுந்தோமே."

பிறகு டிரைவர் தூணைப் பற்றிச் சொன்னார், டாக்டரைப் பற்றிச் சொன்னார், சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து பஸ்ஸின் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்ததைச் சொன்னார். 

"பின்னாடி உக்காந்தா நான் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில்.

"நான் இப்ப உக்காந்து பார்த்தேன்" என்றார் அக்கா. "ஒண்ணும் ஆகல. முதுகுதான் பெருசா தெரியுது."

டிரைவர் சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்தார். பின்னது சிரிப்பினால் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

8.

இப்போது முடிவு. நான் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

வண்டியை வீட்டுக் கம்பியோடு கட்டிப்போட்டு அதன்மேல் துணி காயப்போடுகிறார்கள். (சோகம் மலிவாகக் கிடைக்கிறது. தவிர, மொட்டைமாடி இருக்கிறது.)

கட்டு பிரித்ததும் அக்கா முன்னால் ஏறுகிறார், டிரைவர் பின்னால் மகிழ்ச்சியாக மிதிக்கிறார், தெரு கைதட்டுகி (தெருவுக்கு வேறு வேலை இல்லையா?)

'இடது' என்பதற்கு பதிலாக வேறு சொல் வைத்துக்கொண்டு பழையபடி அவரே முன்னால் (என் மனைவி இதைப் படித்துவிட்டு, "அந்த அம்மாவை மறுபடியும் கீழே தள்ளப்போறியா?" என்றாள்.)

அதனால் எனக்குத் தெரிகிற இடம்வரைக்கும் மட்டும் சொல்கிறேன். கட்டுப் பிரித்து ஒரு வாரம். காலை. டிரைவர் வண்டியை வெளியே கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார். வளைந்துபோன மிதிகட்டையை நிமிர்த்தியாகிவிட்டது. கையில் ஸ்பேனர். முன் சீட்டின் போல்ட்டைத் தளர்த்துகிறார். அவர் உயரமான ஆள், சீட்டும் உயரத்தில் இருந்தது. தளர்ந்ததும் அது அக்காவின் உயரத்துக்குச் சறுக்கி இறங்குகிறது.

அக்கா வெளியே வருகிறார். மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்துக்கொள்கிறார்.

"சீட்டை ஏன் இறக்கினீங்க?"

"இறக்கல. தானா இறங்கிச்சு."

"ஏத்துங்க அப்ப."

"ஏத்தவா?"

அக்கா முன்பக்கமும் போகவில்லை, பின்பக்கமும் போகவில்லை. வண்டியின் நடுவில், அந்தத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். டிரைவர் ஒரு கையால் சீட்டைப் பிடித்திருக்கிறார். அது எந்த உயரத்திலும் நிற்கும். இறுக்கவேண்டியதுதான் பாக்கி.

எனக்கு ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. இந்தாருங்கள், நீங்களே இறுக்குங்கள்.