மைமூனின் இரண்டு படங்கள்

என் மனைவி மைமூன் சமையலறை ஜன்னலில் துணி காயப்போடும்போதுகூட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். குவீன்ஸ்டவுனில் பதினோராவது மாடி எங்கள் வீடு. "யாருடி பாக்கப் போறா? மைனாவா?" என்று கேலி செய்வேன். "மைனாவுக்கும் கண்ணு இருக்குல்ல?" என்பாள். அப்படிப்பட்டவள்.

அவளுக்கு நரம்பில் ஒரு நோய் வந்தது. வாயில் நுழையாத பெயர், மருந்தும் கிடையாது. முதலில் விரல்கள் போயின, பிறகு கால்கள், பிறகு பேச்சு. கடைசியில் கண்கள் மட்டும்தான் அவள் சொன்னபடி கேட்டன. ஆங்கில எழுத்துகள் அச்சடித்த ஒரு பிளாஸ்டிக் அட்டையை அவள் முகத்துக்கு நேராகப் பிடிப்பேன். வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போமே, அதுபோல அவள் ஒவ்வோர் எழுத்தாகப் பார்ப்பாள், நான் கூட்டிப் படிப்பேன். தப்பாகப் படித்தால் கண்ணை உருட்டி முறைப்பாள். அந்த முறைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மைமூன் எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறாள் என்று நிம்மதியாக இருக்கும்.

பகலில் அவள் தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். எனக்கு டன்லப் ஸ்ட்ரீட்டில் கைலி, முக்காடு, தொழுகை விரிப்பு விற்கும் கடை. கடையைச் சாத்திவிட்டு வந்தால் இரவு முழுவதும் என் பொறுப்பு. அவளால் எச்சிலை விழுங்க முடியாது. தொண்டையில் தேங்கினால் சின்ன மெஷினை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒருநாள் நான் அசந்துவிட்டேன். மெஷின் கையிலேயே இருந்தது, நான் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு புண்ணியத்தில் விழித்துப் பார்த்தால் அவள் முகம் கறுத்துப்போய்க் கிடந்தது. அன்றைக்குப் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் என்றாலே பயம். கடையில் வாடிக்கையாளர் முன்னாலேயே தலை சாயும்.

நோயாளிகளின் வீட்டுக்கே தாதியரை அனுப்பும் சின்னத் தொண்டு அமைப்பு ஒன்று லிட்டில் இந்தியாவில் இருந்தது. பகலில் அவ்வப்போது அவர்களுடைய தாதி வந்து பார்த்துப் போவார். இரவுக்கும் ஒரு தாதி வரலாம், ஆனால் அதற்குத் தனியாக நிதி திரட்ட வேண்டும் என்றார்கள். அங்கே இணையத்தில் நிதி திரட்டும் வேலையைப் பார்த்தவள் தாரணி. ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தாள். "ஆன்ட்டிக்காக ஆன்லைன்ல ஒரு பேஜ் போடலாம் அங்கிள். ஒரு போட்டோ, கொஞ்சம் ஸ்டோரி, அவ்வளவுதான்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "நான் கடை வச்சிருக்கவன்மா. ஊர் முன்னாடி கை நீட்ட என்னால முடியாது லா" என்று எரிந்து விழுந்தேன்.

படுக்கையிலிருந்து மைமூன் கண்ணால் அட்டையைத் தேடினாள். பிடித்தேன். 'சரின்னு சொல்லுங்க' என்றாள். பிறகு, 'போட்டோவ நான்தான் பாத்துச் சொல்வேன்' என்றாள்.

சொன்னபடியே செய்தாள். என் கடையிலிருந்து முக்காடுகளை அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். நீலத்தில் நிறுத்தினாள். தங்கை கண்ணுக்குச் சுர்மா இட்டுவிட்டாள். தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து தாரணி எடுத்த படத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், நோயாளி என்றே தெரியாது.

இணையத்தில் அந்தப் பக்கம் வந்தது. பணமும் வரத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு திடீரென்று வேகமாக. ஒருநாள் அப்துல் முத்தலிப் கடைக்கு வந்தார். பக்கத்தில் பணம் மாற்றும் கடை வைத்திருப்பவர், லேசில் கலங்குகிற ஆள் இல்லை. அன்றைக்குக் கண் சிவந்திருந்தது.

"படத்தைப் பாத்தேன் பாய். மனசே கேக்கல. என்னால முடிஞ்சத குடுத்துட்டேன். நமக்குத் தெரிஞ்ச எல்லா குரூப்புலயும் போட்டு விட்டுட்டேன் லா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லா இருக்கால்ல, அந்த நீல முக்காட்டுல?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினார்.

அதில் முக்காடு இல்லை. முடி கலைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. வாய் திறந்து கிடந்தது, எச்சில் கழுத்துவரை வழிந்திருந்தது, கண்கள் மேலே செருகியிருந்தன. அந்தப் படத்தை எனக்குத் தெரியும். நான் எடுத்ததுதான். அவளுடைய முடியை வேறு யாரால் படம் எடுக்க முடியும்? கழுத்தை இப்படிச் சாய்த்து வைத்தால் சரியா என்று தாதியிடம் கேட்பதற்காக அந்தத் தொண்டு அமைப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தேன். அந்தக் குழுவில் தாரணியும் இருந்தாள்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு அவர்களுடைய ஆபீசுக்கு ஓடினேன். என்னவெல்லாம் திட்டினேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. தாரணி அழுதுகொண்டே சொன்னாள்.

"பேஜுக்கு ரெண்டு போட்டோ போடணும் அங்கிள். சிஸ்டம் பாதிப் பேருக்கு ஒண்ணு, மீதிப் பேருக்கு இன்னொண்ணு காட்டும். எதைப் பாத்து நிறைய பேர் டொனேட் பண்றாங்களோ, அப்புறம் அதையே எல்லாருக்கும் காட்டும். அவசரத்துல ஆன்ட்டி ஃபோல்டர்ல இருந்து இன்னொரு படத்த சரியா பாக்காம போட்டுட்டேன். சிஸ்டம் அதையே பிடிச்சிக்கிச்சு."

"அப்ப எடு! இப்பவே எடு!"

"எடுக்கத்தான் போனேன் அங்கிள். முதல்ல மன்னிப்புக் கேக்கணும்னு வீட்டுக்குப் போனேன், நீங்க கடையில இருந்தீங்க. ஆன்ட்டிகிட்ட ரெண்டையும் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. அட்டையப் பிடிச்சேன், எந்தப் படத்துக்கு நிறையப் பணம் வருதுன்னு கேட்டாங்க. சொன்னேன். அதையே வைன்னு சொல்லிட்டாங்க. அவர்கிட்ட சொல்லாத, எடுத்துருவாருன்னாங்க."

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன். பெட்டியில் இருந்த எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அவளைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. ஒவ்வொரு போனையும் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

என் முகத்தைப் பார்த்ததுமே மைமூனுக்குப் புரிந்துவிட்டது. தங்கையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அட்டையை எடுத்தேன். அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"ஏன் மைமூன்?"

'நீங்க தூங்கணும்.'

"எனக்குத் தூக்கம் வேணாம்! நான் முழிச்சிருப்பேன். அத எடுக்கச் சொல்றேன். ஊரே பாக்குது மைமூன், உன் தலைமுடிய ஊரே பாக்குது!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பேச விருப்பமில்லை என்றால் அப்படித்தான் செய்வாள். கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது இரண்டு பக்கமும் நீர் வழிந்திருந்தது. துடைத்துவிட்டேன். அவள் மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். நீளமாகச் சொன்னாள். நடுவில் களைத்துப்போய் நிறுத்தினாள். நான் ஊகித்து முடிக்கப் போனால் முறைத்தாள். முழுவதையும் அவளேதான் சொன்னாள்.

'எல்லாரும் குடுக்குறாங்க. என்கிட்ட இருந்தது அதுதான். குடுத்துட்டேன்.'

நான் அட்டையைக் கீழே போட்டுவிட்டு அவள் மார்பில் தலை வைத்து அழுதேன். என் தலையைத் தடவ அவள் கை வரவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அழுது அவள் தடவிக்கொடுக்காமல் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

படத்தை எடுக்கச் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் தாரணிக்குப் போனில் சொன்னேன். 

அந்த வாரமே இரவுக்குத் தாதி வந்தார். மைமூன் பக்கத்து அறையைக் கண்ணால் காட்டி என்னைப் போகச் சொன்னாள். கோபமாகத்தான் போய்ப் படுத்தேன். படுத்த வேகத்தில் தூங்கிவிட்டேன். அவள் உயிரோடு இருந்த மிச்ச நாளெல்லாம் அப்படித்தான், அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். அவள் தன் முகத்தைக் கொடுத்து வாங்கித் தந்த தூக்கம்.

இப்போது வருவதில்லை.