உயிரோடிருப்பவள் பெயர்

சேஷனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்காரர். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்துவிட்டு, 2003-ல் மீடியா ஆர்ட்டிஸ்ட் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு திரும்பியிருந்தார். நான் அவரிடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மனிதத் துக்கத்தை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறாராம். அதற்கு ஒப்பாரி வேண்டுமாம். சித்தாள் வேலைக்குப் போகும் என் அக்கா பேச்சியை அவரிடம் கூட்டிவந்தது நான்தான்.

சாவு விழாத இடத்தில் எங்கள் பெண்கள் ஒப்பாரி வைக்க மாட்டார்கள். அக்காவும் மாட்டேன் என்றாள். மூன்று மாதம் எங்கள் வாசலுக்கு நடையாய் நடந்தார் மனிதர். கடைசியில், கட்டிடச் சாரம் சரிந்து செத்துப்போன அவள் புருஷன், என் அத்தானின் வருஷ திவசத்தன்று, அவர் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை பாடினாள். சேஷன் அதைப் பதிவு செய்துகொண்டார். மறுநாள் நூறு பெயர்களைச் சும்மா வாசிக்கச் சொன்னார். மைக் சரிபார்க்க என்றார். பட்டியல் எழுதியது நான். தெருவில் உள்ளவர்கள், வீட்டில் உள்ளவர்கள் என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதினேன். எதற்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மடச்சி.

பதிவுகளை வெட்டி ஒட்டும் வேலை முழுவதையும் அவரே செய்துகொண்டார். வழுதக்காட்டு ஹாலில் திறப்பு விழா அன்றுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. திரையில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, நாடியை அளக்கும் தகட்டில் விரலை வைக்க வேண்டும். நாடி ஏற ஏற அழுகையும் ஏறும். அக்கா மகள் இசக்கிசெல்விக்குப் பத்து வயது. தன் பெயர் திரையில் இருக்கிறதென்று துள்ளிக்கொண்டு போய் விரலை வைத்தாள்.

"இசக்கிசெல்வி... என்னப் பாதியில விட்டுட்டுப் போனியே..."

அக்காவின் குரல். அத்தான் பெயர் இருந்த இடத்தில் பிள்ளையின் பெயர். பிள்ளைக்குக் கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

அக்கா ஓடிப்போய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "எம் பிள்ள உசுரோட நிக்கா சாரே. அவ பேர எடுத்திருங்க."

சேஷன் மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "துடிப்பு நூத்திநாப்பதுக்குப் போயிடுத்து! வெறும் சத்தம்தானேம்மா, இதுக்குப் போய் பயப்படலாமோ? விழா முடியட்டும்."

வெறும் சத்தமென்றால் ஊரில் வேறு சத்தமே கிடைக்கவில்லையா இவருக்கு?

அக்கா அப்புறம் கெஞ்சவில்லை. தரையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். மாரில் ஓங்கி அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "சேஷா... என் ராசா சேஷா... பெத்தவ இருக்க நீ போனியே..."

முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த சேஷனின் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தாள். "நிறுத்துடி! என் கொழந்தைடீ அவன்!"

"வெறும் சத்தந்தானேம்மா," என்றாள் அக்கா. அடுத்த அடியை இன்னும் உரக்க எடுத்தாள்.

அந்த அம்மா காதைப் பொத்திய கையை எடுத்தாள். மகன் பக்கம் திரும்பினாள். "அழிடா. அவ கொழந்தை பேரை இப்பவே அழிடா."

சேஷன் வெளிறிப் போயிருந்தார். அழித்துவிடு என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு அக்காவைக் கேட்டேன். "பேரு மட்டுமாக்கா?"

அக்கா பாட்டை நிறுத்தினாள். "எந் தொண்டய முழுசா எடுத்திரு."

"ஐயோ, ஆறு மாச உழைப்பு!" என்று கத்திக்கொண்டு சேஷன் ஓடிவந்தார். அவர் வந்து சேருவதற்குள் அக்கா குரல் முழுவதையும் அழித்துவிட்டேன்.